உரக்கடை லேப்டாப்புக்கு எந்த இலவச ஆன்டிவைரஸ்?

வலங்கைமான் பக்கம் உரக்கடை வைத்திருக்கும் பள்ளிக்கூட நண்பன் கூப்பிட்டான். குறுவை அறுப்பும் சம்பா நடவும் ஒன்றையொன்று நெருக்கும் நேரம். கல்லாவில் உட்கார்ந்தபடியே பேசினான்.

"மாப்ள, லேப்டாப்ல கீழ் மூலையில செவப்பா ஒண்ணு வந்து வந்து நிக்குதுடா. பதிமூணு வைரஸ் இருக்காம். காசு இல்லாம நல்லதா ஒரு ஆன்டிவைரஸ் சொல்லு."

அவனுடைய லேப்டாப் செகண்ட் ஹேண்ட். விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். நெட் வருவது போன் ஹாட்ஸ்பாட்டில். உள்ளே டேலி கணக்கும், யார் யாருக்கு எத்தனை மூட்டை யூரியா கடன் என்ற பட்டியலும். பென் டிரைவ் மாதம் ஒரு முறை கும்பகோணம் ஆடிட்டரிடம் போகும். நடுவில் சிட்டா, அடங்கல் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்கும் போய்வரும்.

எனக்கோ உங்களுக்கோ என்றால் எது அதிக வைரஸைப் பிடிக்கிறது என்று பார்க்கலாம். பெயர்பெற்றவை எல்லாம் அதில் கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. இவன் விஷயத்தில் நான் பார்ப்பது வேறு. திரையில் ஒரு பெட்டி வந்தால் இவன் என்ன செய்வான்? ஓகே அமுக்குவான். கூட்டுறவு வங்கியில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிற மாதிரி. அதனால் இவனிடம் குறைவாகப் பேசுகிற ஆன்டிவைரஸ்தான் எனக்கு வேண்டும்.

அந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது அவாஸ்ட். வைரஸ் பிடிப்பதில் குறை சொல்ல முடியாது. ஆனால் இலவசப் பதிப்பு சும்மா இருக்காது. இது ஆபத்து, அது வெளியே தெரிகிறது, காசு கட்டினால் சரிசெய்கிறேன் என்று பெட்டி பெட்டியாகக் காட்டும். போலி எச்சரிக்கைகளும் இதே பாஷையில்தான் பேசுகின்றன. இரண்டுக்கும் என் நண்பனால் வித்தியாசம் சொல்ல முடியாது. போதாததற்கு, பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற தகவலை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்ற கதை 2020-இல் வெளியே வந்து, அந்தக் கடையை மூடினார்கள். 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. சரி, ஏவிஜி போடலாமே, அவிரா போடலாமே என்பவர்களுக்கு: ஏவிஜியை அவாஸ்ட் 2016-இல் வாங்கியது. அவிராவை நார்ட்டன் வாங்கியது. 2022-இல் நார்ட்டனும் அவாஸ்டும் ஒன்றாகி ஜென் டிஜிட்டல் ஆகிவிட்டன. போர்டுதான் நாலு, முதலாளி ஒருத்தர்.

காஸ்பர்ஸ்கி இலவசப் பதிப்பு வேலையில் கெட்டிக்காரன். சிக்கல் அரசியல். ரஷ்ய நிறுவனம் என்பதால் 2024-இல் அமெரிக்கா தடை போட்டது. அங்கே இருந்த பயனர்கள் பலர் ஒருநாள் காலையில் பார்த்தால், காஸ்பர்ஸ்கி போய் அல்ட்ராஏவி என்று வேறொன்று உட்கார்ந்திருந்தது. நம் ஊரில் அந்தத் தடை இல்லை. ஆனாலும் இவனுக்குப் போட்டுக்கொடுத்துவிட்டு நாளைக்கு அரசியல் விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

பிட்டிஃபெண்டர் இலவசப் பதிப்புதான் உண்மையான போட்டி. ருமேனியாக்காரர்கள் தயாரிப்பு, பிடிப்பது நன்றாக இருக்கும், தொணதொணப்பும் குறைவு. ஆனால் மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டும். இவனுடைய ஜிமெயிலைத் தொடங்கிக் கொடுத்தது மொபைல் கடைப் பையன். பாஸ்வேர்டும் அவனுக்குத்தான் தெரியும். அந்தப் பையன் இப்போது திருப்பூரில்.

மிச்சம், விண்டோஸோடு சும்மா வருகிற டிஃபெண்டர். "அதெல்லாம் ஒப்புக்கு இருக்குறது" என்பவர்கள் இன்னும் பழைய நினைப்பில் இருக்கிறார்கள். 2012-இல் இதன் அண்ணன் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் சோதனையில் சான்றிதழ் வாங்க முடியாமல் தோற்றது உண்மைதான். சில வருஷங்களாக அதே சோதனையில் டிஃபெண்டர் பெரும்பாலும் முழு மதிப்பெண் வாங்குகிறது. குறைகள் உண்டு. நெட் இருந்தால் பலம், இல்லாவிட்டால் கொஞ்சம் பலவீனம். ஹாட்ஸ்பாட்காரர்கள் இதை மறக்கக் கூடாது. பழைய ஹார்ட் டிஸ்கில் முழு ஸ்கேன் ஓடினால் மாட்டுவண்டி வேகம்தான். பென் டிரைவை முழு ஸ்கேனில் தானாகச் சேர்த்துக்கொள்ளாது. ரைட் கிளிக் செய்து நாமே சோதிக்கச் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் மேலே எனக்கு அதைப் பிடிக்கக் காரணம், அதற்கு விற்பதற்கு எதுவும் இல்லாததால் வாயைத் திறப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். கடைக்குள் பூச்சிமருந்து வாசனை, கீபோர்டில் பொட்டாஷ் தூசி. பார்த்தால் ஏற்கெனவே ஒரு ஆன்டிவைரஸ் இருக்கிறது! லேப்டாப் விற்றவர் கிராக் செய்து போட்டுக்கொடுத்தது. கடைசி அப்டேட் இரண்டு வருஷத்துக்கு முன்னால். ஆனாலும் "நான் உயிரோடதான் இருக்கேன்" என்று விண்டோஸிடம் சொல்லிக்கொண்டே இருந்ததால் டிஃபெண்டர் மரியாதையாக ஒதுங்கி நின்றிருக்கிறது. அதைக் கழற்றி, ரீஸ்டார்ட் செய்ததும் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொண்டது.

அந்தச் சிவப்புப் பெட்டி அப்போதும் வந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் குரோம் என்றும், வாயில் நுழையாத ஒரு தளத்தின் பெயரும் இருந்தன. வைரஸும் இல்லை, ஆன்டிவைரஸும் இல்லை. யாரோ கிரிக்கெட் பார்க்கப் போன ஏதோ தளம் 'அனுமதிக்கவா' என்று கேட்டிருக்கிறது, ஓகே அமுக்கியிருக்கிறார்கள். குரோம் செட்டிங்கில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் நாலு தளங்களை நீக்கினேன். பெட்டி நின்றது. ஐந்து நிமிஷ வேலை. மேலே சொன்ன எந்த ஆன்டிவைரஸைப் போட்டிருந்தாலும், அந்த அனுமதியை எடுக்கும்வரை பெட்டிகள் நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது.

"அப்ப என்னதான் போட்டே?"

"ஒண்ணும் போடலடா."

முகம் வாடிவிட்டது. ஊசி போடாத டாக்டரை நம் ஊரில் யார் மதிப்பார்கள்? அவன் திருப்திக்காக மால்வேர்பைட்ஸ் இறக்கி ஒரு ஸ்கேன் ஓட்டினேன். இலவசத்தில் அது காவல் காக்காது. கூப்பிட்டால் வந்து பார்த்துவிட்டுப் போகும். முதல் பதினாலு நாள் பணக்காரப் பதிப்பாக நடிக்கும், ஆகவே வேலை முடிந்ததும் எடுத்துவிட்டேன்.

டிஃபெண்டரில் ஒன்றே ஒன்று மாற்றினேன்: வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதியை இயக்கிவிட்டேன். கோப்புறைகளைப் பூட்டிக் காக்கிற இன்னொரு வசதியும் உண்டு. அதைத் தொடவில்லை. அது சில சமயம் நல்ல மென்பொருளையே மறித்துப் பெட்டி காட்டும். டேலியை மறித்தால் இவன் என்னை மறிப்பான். அதற்குப் பதில் தனியாக ஒரு பென் டிரைவில் டேலி பேக்கப். வெள்ளிக்கிழமை எடுப்பது, உடனே பிடுங்கி பீரோவில் வைப்பது. அது ஆடிட்டரிடமும் போகக் கூடாது, ஜெராக்ஸ் கடைக்கும் போகக் கூடாது.

ஒரு பாக்கி இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும், ஆனால் விண்டோஸின் ஓட்டைகளை அது அடைக்காது. வாசலில் காவலாள் நிற்கிறார், கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டை அடைக்கும் அப்டேட்கள் கிடைக்கும். அதற்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும்.

திருப்பூருக்குப் போன் போட்டுப் பையனிடம் ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டிருக்கிறான். வேலை முடிந்து ராத்திரி கூப்பிடுவதாகச் சொன்னானாம்.