ஷேர்பாயிண்ட் ஓட்டைக்குப் பிறகு: சொந்த சர்வரா, கிளவுடா, மாற்று மென்பொருளா?

வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோடு வரை உள்ள நடுத்தரத் தொழிற்சாலைகள் பலவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆலை கேரளத்தில் இருக்கும். வடிவமைப்புப் பிரிவும் கணக்குப் பிரிவும் கோயம்புத்தூரில் இருக்கும். வரைபடங்கள், தரச் சான்றுகள், கொள்முதல் ஆணைகள் எல்லாம் ஆலைக்குள் ஓர் அறையில், நிறுவனக் கோப்புகளைப் பகிரும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான ஷேர்பாயிண்ட் ஓடும் சர்வரில் கிடக்க, எல்லையின் இரு பக்கமும் உள்ளவர்கள் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதற்காக அந்த சர்வரை நேராக இணையத்துக்குத் திறந்து வைத்திருப்பார்கள். கணினிப் பொறுப்பு முழுவதும் பெரும்பாலும் ஒரே ஆளிடம், கொழிஞ்சாம்பாறையிலிருந்தோ சித்தூரிலிருந்தோ வந்துபோகும் ஒரு தமிழரிடம் இருக்கும். ஷேர்பாயிண்ட் சர்வர்கள் தாக்கப்பட்ட 2025 ஜூலைக்குப் பிறகு இப்படிப்பட்ட இடங்களில் கேட்கப்படும் கேள்விக்கே இந்த அலசல்: இருப்பதையே சரிசெய்து வைத்துக்கொள்வதா, மென்பொருள் நிறுவனமே தன் சர்வரில் நடத்தும் கிளவுடுக்கு மாறுவதா, வேறு மென்பொருளுக்குப் போவதா?

முதலில் நடந்ததைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2025 மே மாதம் பெர்லினில் நடந்த, மென்பொருள் ஓட்டைகளைக் கண்டுபிடித்துக் காட்டும் ப்வன்டுஓன் போட்டியில் ஷேர்பாயிண்டின் பிழைகள் சிலவற்றைக் கோத்து, கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழையலாம் என்று ஓர் ஆய்வாளர் காட்டினார். மைக்ரோசாஃப்ட் ஜூலை 8 அன்று பேட்ச், அதாவது பிழைதிருத்த நிரல், வெளியிட்டது. ஆனால் அது ஓட்டையை முழுதாக அடைக்கவில்லை. ஜூலை 18, ஆடி முதல் வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி இரவில் தாக்குதல் அலையாகத் தொடங்கியது. சிவிஇ-2025-53770 என்று எண்ணிடப்பட்ட இந்தப் பிழைக்குத் தரப்பட்ட தீவிர மதிப்பெண் 10-க்கு 9.8. அவசரப் பேட்ச், சப்ஸ்கிரிப்ஷன் பதிப்புக்கும் 2019 பதிப்புக்கும் ஜூலை 20 அன்றும், 2016 பதிப்புக்கு அதற்கு மறுநாளும்தான் கிடைத்தது. ஒரு வார இறுதி முழுவதும், அடைக்க வழியில்லாத ஓட்டையோடு சர்வர்கள் இணையத்தில் நின்றன.

நுழைந்த விதம் இது: டூல்பேன் என்னும் பக்கத்துக்கு ஒரு கோரிக்கையை அனுப்பி, அது 'சைன் அவுட்' பக்கத்திலிருந்து வந்ததுபோல் தலைப்பில் பொய்க் குறிப்பு வைத்தால், ஷேர்பாயிண்ட் அடையாளம் கேட்காமல் விட்டுவிட்டது. அதன்பின் தங்கள் நிரலை ஓட்டியவர்களில் பலர் உடனே கோப்புகளைத் திருடவில்லை. ஸ்பின்ஸ்டால்0 என்ற சிறு பக்கத்தை லேஅவுட்ஸ் என்னும் அடைவில் (ஃபோல்டரில்) வைத்து, சர்வரின் மெஷின் கீ எனப்படும் ரகசியச் சாவிகளை மட்டும் படித்துக்கொண்டு போனார்கள். பக்கத்தின் நிலையைச் சுமந்து உலாவிக்கும் சர்வருக்கும் இடையே போய்வரும் வியூஸ்டேட் என்னும் தரவை சர்வர் நம்புவதற்கு ஒரே ஆதாரம், அந்தச் சாவியால் இடப்பட்ட கையொப்பம்தான். சாவி வெளியே போய்விட்டால், பேட்ச் போட்டு முடித்த பின்னரும் திருடன் செல்லுபடியாகும் கையொப்பத்தோடு திரும்பி வந்து மீண்டும் தன் நிரலை ஓட்டலாம். கதவை மாற்றிவிட்டுப் பழைய பூட்டையே அதில் மாட்டியதற்கு ஒப்பானது, சாவியை மாற்றாமல் பேட்ச் மட்டும் போடுவது. பேட்ச் போட்ட பின் மெஷின் கீயை மாற்றி, ஷேர்பாயிண்ட் பக்கங்களை வழங்கும் ஐஐஎஸ் என்னும் வலைச் சேவையை எல்லா சர்வரிலும் மறுதொடக்கம் செய்யும்படி மைக்ரோசாஃப்ட் எழுதியதற்குக் காரணம் இதுவே. இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

ஆகவே முதல் வழியான சொந்த சர்வர், பேட்ச் போடுவதோடு முடியும் வேலை அன்று. ஆம்சி எனப்படும் வைரஸ் சோதனை இணைப்பை இயக்கி வைப்பதும், பேட்ச் வந்த சில மணி நேரங்களுக்குள் போடுவதும், வெள்ளி இரவிலும் அழைப்பை எடுக்க ஓர் ஆள் இருப்பதும் அதற்கு வேண்டும். ஒரே ஆள் உள்ள அலுவலகத்தில் கடைசியானது நடக்காது; அவரைக் குறை சொல்வதிலும் நியாயமில்லை. தவிர, 2016, 2019 பதிப்புகள் இரண்டின் பராமரிப்புக் காலமும் 2026 ஜூலை 14-ஆம் தேதியோடு முடிகிறது. அதன்பின் இப்படியொரு பிழை வந்தால் பேட்சை எதிர்பார்க்கவே முடியாது.

இரண்டாவது வழி ஷேர்பாயிண்ட் ஆன்லைன். 2025 தாக்குதல் அதைத் தொடவில்லை. அங்கே பேட்ச் போடுவது மைக்ரோசாஃப்ட்டின் வேலை; ஊழியர்கள் பழகிய மென்பொருளும் மாறுவதில்லை. மழைக்காலத்தில் இணைப்பு அறுந்தால் ஆலையில் வரைபடம் திறக்காதே என்ற அச்சம் நியாயமானது. வேண்டிய அடைவுகளை மைக்ரோசாஃப்ட்டின் ஒன்டிரைவ் மூலம் கணினியிலேயே ஒத்திசைத்து வைத்தால் அது பெருமளவு தீரும். ஆனால் கிளவுடில் சாவி திருடுபோகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2023-இல் ஸ்டார்ம்-0558 என்று பெயரிடப்பட்ட குழு மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பச் சாவி ஒன்றைக் கைப்பற்றி, அமெரிக்க வெளியுறவுத் துறை உட்படச் சுமார் 25 நிறுவனங்களின் மின்னஞ்சலைப் படித்தது. அதைக் கண்டுபிடித்தது அந்தத் துறையே. யார் எப்போது எதைத் திறந்தார் என்று குறிக்கும், கூடுதல் கட்டணம் செலுத்திப் பெற்றிருந்த லாக் பதிவுகள்தான் காட்டிக்கொடுத்தன. சொந்த சர்வரில் சாவி போனால் நாமே மாற்றலாம், கிளவுடில் அவர்கள் மாற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் வேறுபாடு. இதையும் எடைபோட்ட பிறகும், ஒரே ஆள் உள்ள அலுவலகத்துக்குக் கிளவுடே பாதுகாப்பானது என்பது என் தீர்மானம்.

மூன்றாவது வழி மாற்று மென்பொருள். அதில் அட்லாசியன் நிறுவனத்தின் ஆவணப் பகிர்வு மென்பொருளான கான்ஃப்ளுயன்ஸ் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. 2022 ஜூனில் வலை முகவரியிலேயே நிரலை எழுதி அனுப்பி ஓட்டும் பிழை, 2023 அக்டோபரில் வெளியாள் தனக்கே நிர்வாகிக் கணக்கு உருவாக்கிக்கொள்ளும் பிழை, 2024 ஜனவரியில் மீண்டும் ஒரு நிரல் இயக்கப் பிழை என்று அதன் சொந்த சர்வர் பதிப்புகளும் அடுத்தடுத்து அடிபட்டன. சிறு நிறுவனங்கள் வாங்கிவந்த 'சர்வர்' பதிப்பின் ஆதரவு 2024 பிப்ரவரி 15 அன்று முடிந்தது. மிஞ்சியுள்ள டேட்டா சென்டர் பதிப்பின் உரிமம் 500 பேரிலிருந்துதான் தொடங்குகிறது. அதையும் 2029 மார்ச்சோடு நிறுத்துவதாக அட்லாசியன் அறிவித்துவிட்டது. அறுபது பேர் உள்ள ஆலை ஷேர்பாயிண்டை விட்டு இதற்குப் போவதில் பொருளில்லை.

சொந்த சர்வரில் நிறுவும் கோப்புப் பகிர்வு மென்பொருளான நெக்ஸ்ட்கிளவுடுக்கு உரிமக் கட்டணம் இல்லை. லினக்ஸ் தெரிந்த ஆள் இருந்தால் பழைய கணினியிலும் ஓடும். கோப்புப் பகிர்வு மட்டுமே தேவை என்றால் அது போதும். அதற்கும் வரலாறு உண்டு: 2019-இல் அதை ஓட்டப் பயன்படும் பிஎச்பி-எஃப்பிஎம் பகுதியில் இருந்த பிழை, என்ஜின்எக்ஸ் என்னும் வலை சர்வர் மென்பொருளின் அமைப்போடு சேர்ந்து நிரல் ஓட்ட வழிவிட, அடுத்த மாதமே நெக்ஸ்ட்கிரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நெக்ஸ்ட்கிளவுட் சர்வர்களைப் பூட்டியது. குற்றம் நெக்ஸ்ட்கிளவுட் நிரலில் இல்லை என்றாலும் இழப்பு அதை வைத்திருந்தவர்களுக்குத்தான். ஒரு பெரும் பதிப்புக்கு ஏறக்குறைய ஓராண்டே ஆதரவு கிடைக்கிறது. இடையில் ஒரு பெரும் பதிப்பைத் தாண்டியும் மேம்படுத்த முடியாது. ஈராண்டு தொடாமல் விட்டுவிட்டால் படிப்படியாக ஏறி வர வேண்டியிருக்கும். இலவசம் என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுத்தால் அந்த உழைப்பு கணக்கில் வராமல் போய்விடும்.

நம் ஊர் நிறுவனம் என்பதால் ஸோஹோவைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். சொந்த சர்வரில் நிறுவும் அதன் கணினி நிர்வாக மென்பொருள்களான மேனேஜ்எஞ்சின் வரிசையில், சாம்ல் எனப்படும் உள்நுழைவு முறை சார்ந்த ஒரே பிழை, சிவிஇ-2022-47966, இருபதுக்கும் மேற்பட்ட தயாரிப்புகளைப் பாதித்தது. கோப்புகளுக்கான அதன் ஒர்க்டிரைவோ ஒரு கிளவுட் சேவை. எனவே அதை ஷேர்பாயிண்ட் ஆன்லைனோடு நேரே வைத்து, விலை, ஆதரவு, ஊழியர் வசதி ஆகியவற்றால் ஒப்பிடலாம். தமிழில் பேசித் தீர்க்கும் ஆதரவு எல்லைப்புற அலுவலகத்துக்குச் சிறிய வசதி அன்று.

எல்லா வரலாறுகளிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. சேதமடைந்த சர்வர்களை முன்பின் தெரியாதவர்களும் இணையத்திலிருந்து நேராகத் தொட முடிந்தது. அதனால் கிளவுடுக்கு மாற இயலாதவர்களுக்கு நான் சொல்வது, மென்பொருளை மாற்றுவதற்கு முன் சர்வரை விபிஎன்னுக்கு, அதாவது அனுமதி பெற்றவர்கள் மட்டும் நுழையும் ரகசிய இணைப்புக்கு, பின்னால் நகர்த்துங்கள் என்பதே. விபிஎன் கருவிகளும் உடைபட்டிருக்கின்றன. 2024 தொடக்கத்தில் இவான்டி நிறுவனத்தின் விபிஎன் கருவிகள் உலகெங்கும் தாக்கப்பட்டன. உள்நுழைய இணையப் பக்கத்தோடு வரும் விபிஎன்னைவிட ஒயர்கார்டு நல்ல தேர்வு. அதன் நிரல் ஏறக்குறைய நான்காயிரம் வரிகளே. சரியான சாவி இல்லாத கோரிக்கைக்கு அது பதிலே சொல்வதில்லை. கோயம்புத்தூர் அலுவலகத்தையும் கஞ்சிக்கோட்டு ஆலையையும் இதனால் நிரந்தரமாக இணைத்துவிட்டால் ஊழியர் எவரும் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. தணிக்கைக்கு வரும் வெளியாட்களுக்குத் தனிச் சாவி கொடுத்து, வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், பழைய ஷேர்பாயிண்ட் சர்வரை அணைப்பதற்கு முன் அதைச் சோதிக்க வேண்டும். லேஅவுட்ஸ் அடைவில் ஸ்பின்ஸ்டால் என்று தொடங்கும் கோப்போ, தேதி பொருந்தாத வேறு ஏஎஸ்பிஎக்ஸ் கோப்போ இருக்கிறதா, லாக்கில் சைன் அவுட் குறிப்போடு டூல்பேன் பக்கத்துக்குக் கோரிக்கை வந்திருக்கிறதா என்று பாருங்கள். தடயம் கிடைத்தால், கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் ஆணை. லாக்கை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே ஆணைதான். அந்த சர்வரிலிருந்து எடுத்த பேக்கப்பைப் புதிய இடத்தில் ஏற்றும்போது ஆவணங்களை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். சர்வரின் அமைப்பு விவரங்கள் உள்ள வெப்கான்ஃபிக் கோப்பையும் அதிலுள்ள சாவிகளையும் அங்கேயே விட்டுவிடுங்கள்.