இரண்டு மேலாளர்கள், ஒரே அலுவலகம்: பிரிட்டிஷ் 'தி ஆபிஸ்' தொடரும் அமெரிக்க 'தி ஆபிஸ்' தொடரும்

2005 மார்ச் 24 அன்று என்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அமெரிக்க 'தி ஆபிஸ்' தொடரின் முதல் எபிசோடை, அதன் பிரிட்டிஷ் மூலத்தைப் பார்த்த கையோடு பார்ப்பவர்களுக்கு ஒரு விசித்திரம் புலப்படும். வசனங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. சக ஊழியரின் ஸ்டேப்ளரை ஜெல்லிக்குள் புதைத்துவைக்கும் குறும்பு இருக்கிறது. வரவேற்பு மேசைப் பெண்ணை வேலையைவிட்டு நீக்குவதாகப் பொய் சொல்லி, அவர் கண்கலங்கிய பிறகு "சும்மா வேடிக்கைக்கு" என்று சமாளிக்கும் மேலாளரும் இருக்கிறார். சிரிப்பு மட்டும் வருவதில்லை.

காரணம் நடிகர்களின் திறமைக் குறைவு அன்று. ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை இன்னொருவருக்கு மாட்டிவிட்டதுதான். ரிக்கி ஜெர்வெய்ஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் சேர்ந்து எழுதி இயக்கிய மூலத்தொடர், லண்டனுக்கு மேற்கே உள்ள ஸ்லௌ நகரத்தின் காகித நிறுவனக் கிளை ஒன்றில் நடப்பது; 2001 ஜூலையில் பிபிசி டூ அலைவரிசையில் தொடங்கியது. ஆவணப்படக் குழு ஒன்று அலுவலகத்தைப் படம்பிடிப்பதுபோன்ற வடிவமும், 'இந்த இடத்தில் சிரியுங்கள்' என்று கைகாட்டும் பின்னணிச் சிரிப்பொலி இல்லாமையும் இரண்டு தொடர்களுக்கும் பொது. வேறுபடுவது மேலாளர். மற்ற வேறுபாடுகள் அனைத்தும் அந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் எண்ணம்.

ஜெர்வெய்ஸ் நடித்த டேவிட் பிரென்ட், தன்னை ஒரு நகைச்சுவைக் கலைஞனாகவும் தத்துவ ஞானியாகவும் உலகம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஏங்குபவர். அந்த உலகம் அவருக்குக் கேமராவின் உருவில் எதிரே வந்து நிற்கிறது. ஊழியரிடம் பேசும்போதுகூட அவருடைய ஓரக்கண் கேமராவை விட்டு அகலுவதில்லை. எதிரே இருக்கும் மனிதர் அவருக்கு வெறும் பார்வையாளர். ஸ்டீவ் கரெல் நடித்த மைக்கேல் ஸ்காட்டுக்கோ கைதட்டல் போதாது, சொந்தபந்தம் வேண்டும். வீட்டில் யாருமில்லாத அந்த மனிதர், பென்சில்வேனியா மாநிலத்து ஸ்க்ராண்டனில் உள்ள தன் அலுவலகத்தையே குடும்பமாக வரித்துக்கொண்டு, அந்தக் குடும்பம் தன்னை ஏற்க மறுக்கும்போதெல்லாம் குழந்தையைப் போல முகம் சுருங்கிப்போகிறார். அமெரிக்கத் தொடரை உருவாக்கிய கிரெக் டேனியல்ஸ் ஆறே எபிசோடுகள் கொண்ட முதல் சீசனுக்குப் பிறகு இதைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் சீசனில் மைக்கேலின் படிய வாரிய தலைமுடி மாறியது. அதைவிட முக்கியமாக, அவர் அசடாகவே இருந்தும் நல்லவராக இருக்கும் தருணங்கள் எழுதப்பட்டன.

அவற்றுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மூன்றாம் சீசனில் வரவேற்பாளர் பாம் தன் ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கிறாள். அலுவலகத்திலிருந்து ஆஸ்கர் தன் துணைவருடன் வருகிறார். அவள் பின்னால் நிற்பது தெரியாமல் அந்த ஓவியங்களில் உயிரில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் மடித்துவைக்கும் நேரத்தில் மூச்சிரைக்க வந்து சேரும் மைக்கேல், தங்கள் அலுவலகக் கட்டடத்தின் நீர்வண்ண ஓவியத்தைப் பார்த்து உண்மையாகவே வியந்து, அதை விலைக்கு வாங்கி அலுவலகச் சுவரில் மாட்டுகிறார். 2013 மே மாதம் வந்த இறுதி எபிசோடில் பாம் அந்தச் சட்டகத்தைக் கழற்றி எடுத்துச் செல்லும்போது, ஆறாண்டுகளாக ஒரு படம் சுவரில் தொங்கியதன் கனம் நமக்குத் தெரிகிறது. பதினான்கு எபிசோடுகளில் முடிந்துவிட்ட பிரிட்டிஷ் தொடரால் இதைச் செய்திருக்க முடியாது.

ஆனால் அமெரிக்கத் தொடர் தொடவே துணியாத இடத்திற்கு பிரிட்டிஷ் தொடர் போனது. தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்டும் நாளில் தீக்கோழி வேடம் அணிந்திருக்கும் பிரென்ட்டிடம், அந்தக் கோலத்திலேயே, ஆட்குறைப்பில் அவர் வேலை போய்விட்டது என்று மேலிடம் சொல்கிறது. அடுத்த எபிசோடில் அவர் கோமாளித்தனம் அத்தனையும் உதிர்ந்து, என்னை அனுப்பிவிடாதீர்கள் என்று கெஞ்சுகிறார். அத்தனை நாள் அவரைப் பார்த்துக் கூசிய நாம், திடீரென்று வேலை பறிபோகும் நடுத்தர வயது மனிதர் ஒருவரைப் பார்க்கிறோம். மேலாளரின் சவசவத்த நகைச்சுவைக்கு முதல் ஆளாகச் சிரித்துவைத்து மாதச் சம்பளம் வாங்கிய என்னைப் போன்றவர்களுக்கு, அந்தக் காட்சி இருபுறமும் குத்தும். மைக்கேலை இப்படி வீழ்த்த அமெரிக்கத் தொடருக்கு மனம் வரவில்லை. நேசிக்கத்தக்கவராக ஆக்கிவிட்ட பிறகு வீழ்த்தவும் இயலாது.

நீளம் அமெரிக்கத் தொடருக்கு வரமாகவும் சாபமாகவும் அமைந்தது. ஒன்பது சீசன்கள், 201 எபிசோடுகள். கணக்கர்களும் விற்பனையாளர்களும் கிடங்குத் தொழிலாளரும் தனித்தனி ஆட்களாக வளர்ந்தது அதனால்தான். கெல்லி கபூராக நடித்த மிண்டி கேலிங் தொடரின் எழுத்தாளர்களில் ஒருவர். அவருடைய முழுப் பெயரில் இருப்பது சொக்கலிங்கம், தந்தை தமிழர். 2006இல் வந்த தீபாவளி எபிசோடை எழுதியவர் அவரே. அதில் கெல்லியின் பெற்றோராகத் தோன்றுபவர்கள் அவருடைய சொந்தப் பெற்றோர். சொக்கலிங்கம் வீட்டுப் பெண் எழுதிய தீபாவளி வடநாட்டுச் சாயலில் இருக்கிறதே என்று எனக்குச் சிறு குறை உண்டு, ஆனால் பாத்திரத்தின் பெயர் கபூர் என்பதால் புகார் செல்லாது. சாபம் என்றது 2011இல் கரெல் விலகிய பிறகும் தொடர் இரண்டு சீசன்கள் ஓடியதை. அந்தக் காலத்துக் காட்சிகளில் எனக்கு நினைவில் நிற்பவை சொற்பம்.

ஆகவே, எது உயர்ந்த படைப்பு என்று கேட்டால் தயங்காமல் பிரிட்டிஷ் தொடர் என்பேன். களைத்துத் திரும்பும் இரவில் எதைப் போட்டுவிடுவேன் என்று கேட்டால் அமெரிக்கத் தொடரின் இரண்டாம் சீசனிலிருந்து ஐந்தாம் சீசனுக்குள் ஏதேனும் ஒன்று. பிரிட்டிஷ் தொடரை ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் பார்க்கும் துணிவு எனக்கில்லை.

இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளக்க, ஒரே உத்தியை அவை கையாண்ட விதம் போதும். ஊழியர்களின் சட்டையில் எப்போதும் ஒரு மைக் பொருத்தப்பட்டிருக்கும். 2002இல் பிரிட்டிஷ் தொடரின் இரண்டாம் பருவத்து இறுதியில், விற்பனையாளன் டிம் தன் மைக்கை அணைத்துவிட்டு, வரவேற்பு மேசைப் பெண் டானிடம் தன் காதலைச் சொல்கிறான். கண்ணாடிக்கு அப்பால் உதடுகள் அசைவது மட்டுமே நமக்குத் தெரிகிறது. திரும்பி வந்து, மைக்கைப் போட்டுக்கொண்டு, அவள் மறுத்துவிட்டதை ஒரு தகவல்போலச் சொல்லிவிட்டு மேசையில் உட்காருகிறான். 2011இல், கரெல் விடைபெறும் எபிசோடில், விமான நிலையத்தில் மைக்கேல் தன் மைக்கைக் கழற்றி ஆவணப்படக் குழுவிடம் கொடுத்துவிட்டு நடக்கிறார். பாம் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொள்கிறாள், அவர்கள் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. விமானம் கிளம்பும்போது, அவர் வருத்தப்படவில்லை, நம்பிக்கையோடுதான் போகிறார் என்று பாம் நம்மிடம் சொல்கிறாள்.