பெரணி இலையைச் சோதித்துத் தரும் பினாங்கு ஆய்வுக்கூடம்: என் அனுபவம்

ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுப் பின்புறச் சாக்கடைச் சுவரில் முளைத்திருக்கும் வெள்ளிப் பெரணியின் இலையைப் புறங்கையில் அழுத்தி எடுத்தால், இலையின் அடியிலுள்ள பொடியால் அதன் வடிவம் அப்படியே வெண்மையாகப் பதியும். நாற்றுப்பண்ணை ஒன்றில் நான் வாங்கிய செடியோ மஞ்சளாகப் பதிகிறது. இரண்டும் ஒரே இனமா, உறவுள்ள வேறு இனங்களா என்று அறியத் தீவிலுள்ள தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றை நாடினேன். சாற்றிலுள்ள சேர்மங்களை ஒரு தகட்டில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்கு நிறப்பிரிகைச் சோதனைக்கு மாதிரி ஒன்றுக்கு 90 ரிங்கிட் வாங்கினார்கள்.

முதல் முறை இலையை முழுவதுமாக அரைத்துச் சாறெடுத்துவிட்டார்கள். அந்தப் பொடி, இலையின் அடிப்புறத்துச் சுரப்பிகள் வெளியே கசியவிடும் ஃபிளேவனாய்டு என்னும் தாவரச் சேர்மங்களால் ஆனது என்பதால், இலையைச் சில விநாடிகள் அசிட்டோனில் அலசினாலே கரைந்து வந்துவிடும். அரைத்ததில் பச்சையமும் சேர்ந்து இறங்கி, புற ஊதா விளக்கின் கீழ் தகடு சிவப்பாக ஒளிர்ந்தது. பொடிக்குரிய புள்ளிகளை அதில் தேடியது தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் செருப்பைத் தேடியது போலிருந்தது. முறையிட்டதும் மறுபேச்சின்றி, கூடுதல் கட்டணமும் கேட்காமல், அலசி எடுத்த கரைசலைக் கொண்டு மீண்டும் செய்து தந்தார்கள். இரண்டாம் தகட்டில் இரு செடிகளின் புள்ளிகளும் வெவ்வேறு உயரங்களில் தெளிவாக நின்றன. அந்தப் பணிவுக்கும் கைத்திறனுக்கும் தாராளமாக மதிப்பெண் தரலாம்.

ஆனால் அறிக்கையில் "இரு வேறு இனங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டதை என்னால் ஏற்க இயலவில்லை. அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைகளின் ஆஸ்பிளீனியம் என்ற பேரினப் பெரணிகளுள் எவை எவற்றின் கலப்பு என்று இலை வடிவத்தைக் கொண்டு தாவரவியலாளர் வாக்னர் 1954இல் கூறியதை, 1963இல் ஸ்மித்தும் லெவினும் இதற்கு உறவான தாள் நிறப்பிரிகை முறையால் வலுப்படுத்தினார்கள்; பெற்றோர் இனங்களையும் கலப்பினங்களையும் அருகருகே வைத்து, பெற்றோர் இருவரின் புள்ளிகளும் கலப்பினத்தில் சேர்ந்து தோன்றுவதைக் காட்டியதால்தான் அது செல்லுபடியானது. இங்கோ, இனம் உறுதிசெய்யப்பட்ட ஒப்பீட்டு மாதிரி ஒன்றுகூட இல்லை. போதாக்குறைக்கு, மஞ்சள் பொடியுள்ள செடியைத் தனி இனமாகக் கொள்வோரும், வெள்ளிப் பெரணியின் ஒரு வகையாகவே கொள்வோரும் தாவரவியலாளரிடையே இருக்கிறார்கள்.

ஆகவே தகட்டின் படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடிவுரைக்காகச் செலவிட வேண்டாம். இலையைப் பிளாஸ்டிக் பையில் திணித்துக் கொண்டுபோகாமல் அட்டைப் பெட்டியில் வைத்தெடுத்துச் செல்லுங்கள். என் முதல் இலையின் பாதிப் பொடி பையிலேயே ஒட்டிக்கொண்டது.