சிறு பட்டறைக்கு எந்த கேட் மென்பொருள்?

கோவையில் பம்பு உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகளில் கேட் (CAD), அதாவது கணினியில் பாகங்களை வடிவமைக்கும் மென்பொருள் பற்றிய பேச்சு பெரும்பாலும் விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்களுக்கு வேலை தருபவர் எந்தக் கோப்பை அனுப்புகிறார்?

சாலிட்ஒர்க்ஸ் என்ற கேட் மென்பொருளின் கோப்பு என்றால், பல மென்பொருள்களிலும் திறக்கும் பொது வடிவமான ஸ்டெப்பில் மாற்றி வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். வாங்கலாம். ஆனால் ஸ்டெப்பில் உருவம் மட்டுமே வரும். அதை வரைந்த படிநிலைகள் வராது. ஆறு போல்ட் துளைகள் கொண்ட ஃபிளேஞ்சை (குழாயை இணைக்கும் வட்ட விளிம்பை) எட்டுத் துளையாக மாற்றச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூலக் கோப்பில் 6 என்பதை 8 ஆக்கினால் முடிந்தது. ஸ்டெப்பில் பழைய துளைகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். எப்போதாவது என்றால் சமாளிக்கலாம். அன்றாடம் இதே பாடு என்றால் சாலிட்ஒர்க்ஸ் உரிமத்துக்குப் பணம் கொடுப்பதே லாபம். வாடிக்கையாளரின் பதிப்பு எது என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். புதிய பதிப்பின் கோப்பு பழையதில் நேரடியாகத் திறக்காது.

வரைபடத்தை மட்டும் பெற்று, மாடலை நீங்களே உருவாக்கி மில்லிங் (சுழலும் வெட்டுக்கருவியால் உலோகத்தைச் செதுக்குவது) செய்பவரானால் என் ஓட்டு ஃபியூஷன் என்ற மென்பொருளுக்குத்தான். வடிவமைத்த இடத்திலேயே சி.என்.சி. (கணினி இயக்கும் எந்திரம்) வெட்டுப்பாதையும் தயாராகிறது, பள்ளத்தின் ஆழத்தை மாற்றினால் பாதையை மறுபடி கணக்கிடச் சொன்னால் போதும். இலவசப் பதிப்பை நம்பித் தொழிலில் இறங்காதீர்கள். அது சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது. ஒரே நேரத்தில் பத்துக் கோப்புகளைத்தான் திருத்த முடியும். சந்தா கட்டித்தான் ஆக வேண்டும்.

ஃப்ரீகேட் முற்றிலும் இலவசம், லினக்ஸிலும் ஓடும். முன்பு ஸ்கெட்சில் (மாடலுக்கு அடிப்படையான கோட்டுப்படத்தில்) ஒரு கோடு சேர்த்தாலே முகங்களின் எண்கள் மாறி, மேல் முகத்தில் இட்ட துளை பக்கவாட்டுக்குத் தாவிவிடும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு அந்தத் தொல்லையைப் பெருமளவு தீர்த்திருக்கிறது. ஜிக், ஃபிக்சர் (வேலைப்பொருளைப் பிடித்து வைக்கும் துணைக்கருவிகள்), பிராக்கெட் வேலைகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பம்பின் வால்யூட் (சுருள் வடிவ உறை) போன்ற வளைந்து நெளியும் பரப்புகளுக்கு மாட்டேன். கூரான விளிம்பை வளைவாக மழுக்கும்போது அடிக்கடி மக்கர் செய்கிறது.

சாதாரண லேத் மட்டுமே இருக்கும் பட்டறைக்கு இவை எதுவும் வேண்டாம். நல்ல 2டி வரைபட மென்பொருள் ஒன்று போதும்.