கருவேலங்காட்டை அழிக்கக் கரிக்காரரா, பொக்லைனா?

திருச்சுழிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல். பத்து வருடம் தரிசாகக் கிடந்ததில் வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாதபடி சீமைக் கருவேலம் மூடிவிட்டது. அடுத்த புஞ்சை பெரியப்பாவுடையது. அதற்கும் அதே கதி. அவர் மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குகிற கரிக்காரருக்கு விட்டார், நான் பொக்லைன் வைத்தேன். மூன்று வருடம் ஆகிறது.

முதல் நாள் கணக்கில் ஜெயித்தவர் பெரியப்பா. கரிக்காரர் வெட்டுக்கூலி கேட்கவில்லை. மரத்தின் பருமனைப் பார்த்து அவரே ஒரு தொகை கொடுத்தார். எனக்கோ மணிக்கு 1,300 ரூபாய் வீதம் 18 மணி நேரம் ஓடியது. வேகத்தில் எது முந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் விஷயம் தூரில், அதாவது அடிக்கட்டையில், இருக்கிறது. அரிவாள் தரைக்கு மேலே சாண் உயரத்தில் வெட்டும். இந்த மரத்துக்கு அது கவாத்து செய்தது போலத்தான். மண்ணுக்குள் இருக்கும் அடித்தூரிலிருந்தே துளிர்க்கக்கூடியது. ஒரு தண்டு நின்ற இடத்தில் எட்டுப் பத்து கிளம்பும். தை மாதம் வெட்டிய பெரியப்பா நிலத்தில் ஐப்பசியில் இடுப்பளவு புதர். உழ வந்த டிராக்டர்காரர் தூரைப் பார்த்ததும், கொழு உடையும், டயரில் முள் ஏறும் என்று திரும்பிப் போய்விட்டார். கடைசியில் அவரும் பொக்லைனைத்தான் அழைத்தார். அதற்கு என்னைவிடக் கூடுதலாகவே செலவானது. நிற்கிற மரத்தைப் பக்கெட்டால் உயரத்தில் தள்ளினால் மரமே நெம்புகோலாகி வேரோடு சாயும். வெட்டிய தூருக்குப் பிடி கிடையாது. ஒவ்வொன்றையும் சுற்றித் தோண்ட வேண்டும். குழியும் பெரிதாகும், அடிமண்ணும் மேலே வரும்.

அதனால் இயந்திரம் வைக்கப்போகிறவர்கள், ‘கொஞ்சம் சுத்தம் செய்து வைப்போமே’ என்று முன்கூட்டி மரத்தை வெட்ட வேண்டாம். ஆள் நுழைய வழி மட்டும் போதும். நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக்கற்களைத் தேடிச் சுண்ணாம்பு அடியுங்கள். நான் மூன்றைக் கண்டுபிடித்தேன். நான்காவது மண்ணோடு போய்விட்டது. மறு அளவைக்கு மனுக் கொடுத்து அலைந்தது தனிக்கதை. புதருக்குள் பாழுங்கிணறு இருந்தால் தள்ளியே கயிறு கட்டுங்கள், வண்டியின் எடைக்கு விளிம்பு சரியலாம். விட்டுவைக்கும் பனைக்கும் வேம்புக்கும் சிவப்புத் துணி கட்டுங்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்திருக்கிறது; ஓட்டுநருக்கு எல்லாம் மரம்தான்.

பொக்லைனுக்கும் ஒரு பெரிய குறை உண்டு. கவனிக்காவிட்டால் மேல்மண்ணை வழித்துவிடும். முதல் அரை நாள் நான் பக்கத்தில் நிற்கவில்லை. வழித்துப்போன அந்த வடமூலையில் இன்றும் மிளகாய்ச் செடி முழங்கால் தாண்டவில்லை. பிடுங்கிய மரத்தை மண் உதறிவிட்டு ஓரத்தில் போடச் சொல்லுங்கள், தள்ளிக்கொண்டு போக விடாதீர்கள். கரிசல் காய்ந்திருந்தால் வேர் பாதியில் அறும், சேறாக இருந்தால் டயர் புதையும். கோடை மழைக்கு நாலைந்து நாள் கழித்து எங்களுக்குச் சரியாக வந்தது. மற்ற மண்ணுக்கு இந்தக் கணக்குப் பொருந்துமா என்பதை உள்ளூர் ஓட்டுநரிடம் கேளுங்கள். சங்கிலிச் சக்கர ஹிட்டாச்சிக்கு முள் பயம் இல்லை. நான் அதை வைத்துப் பார்த்ததில்லை.

விதை விஷயத்தில் இரண்டு வழியும் ஒன்றுதான். மண்ணில் கிடப்பது மழைக்கு முளைக்கத்தான் செய்யும். கையால் பிடுங்கும் அளவிலேயே பிடுங்க வேண்டும். எருவுக்கென்று இரவில் ஆடுகளை நிலத்தில் அடைத்துக் கிடை போட்டேன். கருவேலங்காய் தின்றிருந்த ஆடுகள் எருவோடு விதையையும் போட்டுவிட்டுப் போயின.

ஓரத்தில் குவித்த மரத்தை எடுத்துப்போனவர் பெரியப்பாவின் அதே கரிக்காரர்தான். தூரில் மண் ஒட்டியிருக்கிறது என்று சொல்லி 4,000 ரூபாய்தான் கொடுத்தார்.