சேலத்துக் கல்யாண வீடியோவுக்கு 25-ஆ, 30-ஆ, 50-ஆ?

கேமரா மெனுவில் 24, 25, 30, 50, 60 என்று ஃப்ரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படம் (ஃப்ரேம்) என்ற கணக்கு, வரிசையாக நிற்கும். எண் பெரிதாக இருந்தால் படமும் நன்றாக வரும் என்று நினைத்து 60-ஐ வைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போகிறவர்கள் அம்மாப்பேட்டை முதல் ஐந்து ரோடு வரை நிறைய பேர். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேலத்தில் மண்டபத்துக்குள் எடுக்கிற வேலைக்கு அடிப்படை 25 தான். ஸ்லோ மோஷன் வேண்டிய இடத்துக்கு மட்டும் 50.

காரணம் கரண்ட். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதனால் பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்கும் நொடிக்கு 100 முறை மங்கி மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம், 1/50 நொடி அல்லது 1/100 நொடி என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் அந்தத் துடிப்பை முழுசு முழுசாக வாங்கிக்கொள்ளும், வெளிச்சம் சமமாக விழும். 1/60 வைத்தால் ஒரு துடிப்பு முழுசாகவும் அடுத்தது பாதியில் அறுபட்டும் வரும், அப்புறம் முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை முகத்து மேல் கருப்புப் பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கும். எடிட்டிங்கில் இதைச் சுத்தமாக எடுப்பது பெரிய பாடு.

25-இல் ஷட்டர் 1/50 இயல்பாகவே பொருந்துகிறது. அசைவும் கண்ணுக்கு உறுத்தாது, பட்டையும் வராது. இது தற்செயல் இல்லை. தூர்தர்ஷன் பின்பற்றிய பால் (PAL) என்ற டிவி முறையே 50 சுற்று மின்சாரம் உள்ள நாடுகளுக்காக வந்தது: 625 வரி, நொடிக்கு 25 ஃப்ரேம். அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று, அதனால் அங்கே 30. 1953-இல் கலர் சேர்த்தபோது அதையும் 29.97 ஆக்கினார்கள். நம் கையில் இருக்கிற பல போன்கள் இன்றும் 30-இல்தான் தொடங்குகின்றன.

30-இல் எடுக்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஷட்டரை 1/50-இல் பிடித்து நிறுத்த முடிந்தால் பட்டை வராது. சிக்கல் எங்கே என்றால், கேமராமேன் 25-இல் எடுத்திருப்பார், மாமா பையன் போனில் 30-இல் எடுத்துக் கொடுத்திருப்பான், இரண்டையும் எடிட்டிங்கில் ஒரே 25 டைம்லைனில் (காட்சிகளை அடுக்கும் வரிசை) போட்டால் போன் காட்சியில் ஆறில் ஒரு ஃப்ரேம் கழிந்துபோகும். நின்று பேசுகிற காட்சியில் தெரியாது. கேமரா இடமிருந்து வலம் நகரும்போது படம் வெட்டி வெட்டிப் போகும். 60-க்கு அந்த வாய்ப்பும் இல்லை, ஏனென்றால் அங்கே ஷட்டர் 1/60-க்குக் கீழே இறங்காது. 1/100-க்குப் போக வேண்டும், வெளிச்சம் பாதியாகும், இருட்டு மண்டபத்தில் படம் புள்ளி புள்ளியாகிவிடும். 50-இலும் அசைவு தெளிவாக இருக்க 1/100 வைத்தால் இதே வெளிச்சக் குறை உண்டு, அதனால்தான் முழுக் கல்யாணத்தையும் 50-இல் எடுக்காதீர்கள் என்கிறேன். அட்சதை விழுவது, மாலை மாற்றுவது போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 25 டைம்லைனில் சரிபாதி வேகத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும்.

'சினிமா லுக்' வேண்டும் என்று 24 கேட்கிறவர்களும் உண்டு. ஏற்காடு ரோட்டில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்திலிருந்தே பேசும் படத்துக்கு 24 தான், அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் 24-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசத்தை யார் கண்ணும் கண்டுபிடிக்காது. அந்த அழகு லைட்டிங்கிலும் லென்ஸிலும் இருக்கிறது.

இன்டர்லேஸ் என்று பழைய கேம்கார்டரில் ஒன்று உண்டு, ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் அடுத்த முறை. மொபைலில் பார்த்தால் அசைகிற கை ஓரத்தில் சீப்புப் பல் தெரியும், பட்டுப்புடவை ஜரிகையின் மெல்லிய கோடுகள் மினுமினுவென்று நடுங்கும். சேனல்காரர்கள் கேட்டால் மட்டும் கொடுங்கள்.

ஏற்காட்டுக்கு ஏறிவிட்டால் கணக்கே மாறுகிறது. வெயில் துடிக்காது, எனவே லேடிஸ் சீட்டிலோ பகோடா பாயின்ட்டிலோ ப்ரீ வெட்டிங் எடுக்கும்போது 30, 60 எதிலும் பட்டை பயம் இல்லை. அங்கே தொல்லை அதிக வெளிச்சம்தான். 1/50-இல் வானம் வெளுத்துப்போகும், வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ் முன் மாட்டும் என்.டி. ஃபில்டர் இல்லாமல் போகாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஓடும் காரிலிருந்து எடுத்தால் பக்கத்து மரங்கள் 25-இல் துள்ளும், அங்கே 50-க்கே என் ஓட்டு. கிளியூர் அருவிக்கு 100 அல்லது 120 வைத்தாலும் தப்பில்லை.

போனில் எடுத்துத் தருகிறவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஐபோன் என்றால் கேமரா செட்டிங்ஸில் வீடியோ பகுதியில் பால் (PAL) ஃபார்மட்டை ஆன் செய்தால்தான் 25 கண்ணுக்கே தெரியும். ரிசப்ஷன் மேடையில் எல்.இ.டி. வால் (பெரிய எல்.இ.டி. திரை) இருந்தால் மேலே சொன்ன 1/50 கணக்கு அதற்குச் செல்லாமல் போகலாம், அதன் துடிப்பு தனி. கூட்டம் வருவதற்கு முன்னாலேயே அந்தத் திரையை ஓடவிட்டு, ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கோடு எங்கே மறைகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.