பழைய சில்வராடோவுக்கு எந்தக் கைப்பிடி? பிளாஸ்டிக், உலோகம், குரோம் உறை, மொட்டைக் கதவு

1999 முதல் 2006 வரை வந்த செவ்ரோலே சில்வராடோ பிக்கப்பில் எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கையோடு வந்துவிடுவது ஓட்டுநர் பக்கத்து வெளிக் கைப்பிடி. அமெரிக்காவின் பனி விழும் மாநிலங்களில் இன்னும் சீக்கிரம். மாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் விலையையும் பளபளப்பையும் பார்த்து வாங்குகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதைப் போட்டபின் அடுத்து உடையப் போவது எது?

இந்த வண்டியின் கைப்பிடி, விரலை உள்ளே விட்டுத் தூக்கும் மடல் வகை. மடலின் பின்பக்கம் ஒரு சிறு நெம்புகோல். அதிலிருந்து ஒரு கம்பி கதவின் ஓரத்தில் இருக்கும் லாட்ச் (கதவைச் சாத்தியபடி பிடித்து வைக்கும் பொறி) வரை போகிறது. கம்பியின் நுனியைப் பிடித்திருப்பது ஒரு பிளாஸ்டிக் கிளிப். லாட்ச்சில் இருக்கும் பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து இறுகிப்போனால், அந்தச் சுமை முழுவதும் மடலின் அச்சில்தான் விழும். குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் உறைந்து ஒட்டிக்கொண்டால், ஆள் மடலைப் பிடித்தே கதவையும் பிய்த்து இழுப்பார். ஆக, உடைவது கைப்பிடி, காரணம் பாதிக்குப் பாதி வேறு இடத்தில்.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் உள்பக்கக் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். லேசாகத் திறந்தால் லாட்ச் நன்றாக இருக்கிறது, கோளாறு வெளிக் கைப்பிடியிலோ அதன் கம்பியிலோதான். உள்ளிருந்தும் முரண்டு பிடித்தால் முதல் வேலை லாட்ச்சைக் கழுவி கிரீஸ் வைப்பது. அதைச் செய்யாமல் எந்தக் கைப்பிடி போட்டாலும் காசு வீண். வெளி மடல் தொளதொளவென்று ஆடினால் அச்சு அல்லது ஸ்பிரிங் போய்விட்டது. மடல் ஒழுங்காகத் திரும்பி வருகிறது, ஆனால் கதவு திறக்கவில்லை என்றால் கிளிப் கழன்றிருக்கும், அல்லது நெம்புகோல் முனை முறிந்திருக்கும். கிளிப் மட்டும்தான் என்றால் கைப்பிடியே வாங்க வேண்டாம்.

கம்பெனி மாதிரி பிளாஸ்டிக்

சொரசொரப்பான கறுப்பு, பெயின்ட் அடிப்பதற்கான வழவழப்பான கறுப்பு, குரோம் என்று மூன்று வகை கிடைக்கும். வெளிச்சந்தைத் தயாரிப்புகள் பெரும்பாலும் 15 முதல் 30 டாலருக்குள். துளை, அச்சு, கம்பி கோர்க்கும் இடம் எல்லாம் அப்படியே உட்காரும். குறை, மலிவு ரகங்களில் ஸ்பிரிங் வலுக் குறைவு, மடலின் அச்சில் ஆட்டம். கடையிலேயே கையில் வைத்து பத்துத் தடவை தூக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மடல் தானாக முழுவதும் படிய வேண்டும். பாதியில் நிற்கிற மடல் லாட்ச்சைச் சற்றே இழுத்துப் பிடித்தபடி இருக்கும், கதவு சரியாகப் பூட்டிக்கொள்ளாது. பார்வைக்கு இது சின்னக் குறை, ஓடும் வண்டியில் ஆபத்து.

வண்டியின் நிறத்திலேயே வேண்டுமென்றால் வழவழப்பான ரகம்தான். பெயின்ட் குறியீடு கையுறைப் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கிறது, 'டபிள்யூ.ஏ.' என்று தொடங்கும் எண் அது (8624 என்றால் வெள்ளை, 8555 என்றால் கறுப்பு). பிரைமர் அடித்து வராத வெறும் பிளாஸ்டிக்காக இருந்தால், பிளாஸ்டிக்கில் ஒட்டவைக்கும் முதல் பூச்சு இல்லாமல் நிறம் தங்காது. மடலுக்கும் அது படியும் கிண்ணத்துக்கும் நடுவே பெயின்ட் தடிப்பாகச் சேர்ந்தால் மடல் உரசும். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடிப்பது நல்லது.

பழைய வண்டி யார்டில் தேடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: முன் கதவுக் கைப்பிடி செவ்ரோலேயின் தாய்க் கம்பெனியான ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) அக்காலத்தில் செய்த வண்டிகள் பலவற்றுக்கும் பொது. ஜி.எம்.சி. சியரா, டாஹோ, யூகான், சபர்பன், அவலாஞ்ச், 2002-06 எஸ்கலேட் எதிலிருந்தும் கழற்றிப் போடலாம். அதே நிறத்து டாஹோ கிடைத்தால் பெயின்ட் செலவே இல்லை. கழற்றும்போது கம்பியின் கிளிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பொருத்தம் முன் கதவுக்கு மட்டும். நான்கு கதவு வண்டியின் பின் கைப்பிடி தனிப் பாகம்.

உலோகக் கைப்பிடி

வார்ப்பு உலோகத்தில் அதே அளவில் செய்து விற்கிறார்கள். கையில் எடுத்ததும் கனமாக, நம்பிக்கை தருவதாக இருக்கும். மடல் முறியாது என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் லாட்ச் இறுகியிருக்கும் கதவில் இதைப் போட்டால், அடுத்து கழலுவது பிளாஸ்டிக் கிளிப், அதற்கடுத்து வளைவது கம்பி. பிளாஸ்டிக் மடல் உடைந்தால் வெளியிலேயே தெரியும், மலிவில் மாறும்; கிளிப் கழன்றால் கதவின் உள்பலகையைத் திரும்பக் கழற்ற வேண்டும். ஒரு வகையில் பிளாஸ்டிக் மடல் இந்த அமைப்பின் ஃபியூஸ்.

உப்பு தூவும் சாலைகளில் ஓடும் வண்டிக்கு இன்னொரு கணக்கு. துத்தநாக வார்ப்பின் மேல் பூசிய குரோமில் ஒரு கீறல் விழுந்தால் உள்ளே புள்ளி புள்ளியாகப் பொங்கும். கைப்பிடிக்கும் தகட்டுக்கும் நடுவே வரும் ரப்பர் கேஸ்கெட்டை விட்டுவிட்டு மாட்டினால், தகட்டின் பெயின்ட் உரிந்து அங்கேயே துரு தொடங்கும். சிலவற்றில் கேஸ்கெட் வருவதே இல்லை. பழையதை எடுத்துப் போட வேண்டும்.

தினமும் பத்திருபது தடவை ஏறி இறங்கும் வேலை வண்டி, லாட்ச்சும் சுத்தம் என்றால் ஓட்டுநர் கதவுக்கு உலோகம் சரியான தேர்வு. மற்றக் கதவுகளுக்கு அவசியமில்லை.

குரோம் உறை

பழைய கைப்பிடியின் மேலேயே ஒட்டுகிற உறை. கதவைப் பிரிக்க வேண்டியதில்லை, அரைமணி வேலை. உடைந்த கைப்பிடிக்கு இது மருந்தல்ல. ஆடுகிற மடலின் மேல் ஒட்டினால் கனம் கூடி இன்னும் சீக்கிரம் முறியும்.

சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் இரட்டைப் பக்க டேப் மேடுகளில் மட்டுமே தொடும், பள்ளங்களில் தொடாது. பாத்திரம் தேய்க்கிற மெல்லிய நார் கொண்டு தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டுப் பிரைமர் தடவினால்தான் நிற்கும். குளிரில் ஒட்டவே கூடாது, குறைந்தது 10 டிகிரி செல்சியஸாவது வேண்டும். 3எம் வி.எச்.பி. வகை டேப் அறை வெப்பத்தில் முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும். அதற்குள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் மடலின் உறை முதலில் போகும். வாங்குமுன் பயணி பக்கத்தில் சாவித்துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துளை உள்ளது, இல்லாதது இரண்டும் உண்டு.

புது மாடல் கைப்பிடி

2007-13 சில்வராடோவின் இழுப்புக் கைப்பிடி அழகுதான். பழைய கதவில் அது நேராக உட்காராது. தகட்டில் அழுத்திய குழியின் வடிவம் வேறு, துளை வேறு, இழுக்கும் திசையும் வேறு. தகடு வெட்டி ஒட்டி, பட்டி பார்த்து, கம்பியை மாற்றி அமைக்கும் கூலிக்கு நல்ல கதவே வாங்கலாம்.

மொட்டைக் கதவு

கைப்பிடியையே எடுத்துவிட்டு, துளையைத் தகடு வைத்து மூடி, ரிமோட்டில் திறப்பது. தகடு மெல்லியது, தொடர்ச்சியாக வெல்டிங் பிடித்தால் கதவு அலையலையாக நெளியும். புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு வைக்கத் தெரிந்த டிங்கர் வேண்டும். லாட்ச்சை இழுக்க ஒரு சோலினாய்டு (மின்சாரம் பாய்ந்தால் இழுக்கும் காந்தச் சுருள்), அதற்குத் தனி ரிலேயும் ஃபியூஸும், பேட்டரியிலிருந்து தடித்த ஒயர். லாட்ச் விடுபட்டாலும் ரப்பர் பிடித்துக்கொள்வதால் கதவை வெளியே தள்ள ஒரு ஸ்பிரிங் முளையும் வேண்டும்.

பேட்டரி இறங்கினால்தான் சிக்கல் முழுதாகத் தெரியும். கதவு திறக்காது, பானெட்டைத் திறக்கும் நெம்புகோலோ வண்டிக்குள்ளே. ஆகவே வண்டியின் அடியில் மறைவாக வெளி மின்சாரம் கொடுக்க ஒரு முனையோ, லாட்ச்சிலிருந்து மறைத்து இழுத்த ஒரு கேபிளோ இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. விபத்தில் வெளியே இருப்பவர் கதவைத் திறக்க முடியாது என்பதையும் யோசியுங்கள். காட்சிக்கு வைக்கும் வண்டிக்குச் சரி, குடும்பத்தோடு போகும் வண்டிக்கு வேண்டாம். சாவித்துளையை மட்டும் மூடுகிறவர்களுக்கும் இதே பேட்டரி எச்சரிக்கை பொருந்தும்.

மாட்டும்போது

உறையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் உள்பலகையைக் கழற்றியாக வேண்டும். கண்ணாடியை முழுவதும் மேலேற்றுங்கள். பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடியின் உள்பக்க முக்கோண மூடியையும், சுவிட்சுத் தட்டையும் நெம்பி எடுத்து, 7 மி.மீ. தலை கொண்ட திருகுகளைக் கழற்றியபின் பலகையை வெளியே பிடுங்காமல் மேல்நோக்கித் தூக்குங்கள்; அது கொக்கிகளில் தொங்குகிறது. கையால் சுற்றும் கண்ணாடி என்றால் சுற்றியின் பின்னால் ஒரு வளையக் கிளிப் இருக்கும். தண்ணீர் தடுக்கும் ஷீட்டை மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். கிழிந்தால் அடுத்த மழையில் தரை விரிப்பு நனையும்.

கைப்பிடியைப் பிடித்திருப்பவை இரண்டு 10 மி.மீ. போல்ட்டுகள். சாக்கெட்டுக்குள் சிறு துண்டு டேப் ஒட்டிக்கொண்டால் போல்ட் கதவின் அடியில் விழாது. கம்பியின் கிளிப்பைச் சுழற்றி விடுவியுங்கள். நேராக இழுத்தால் உடையும், மாற்றுக் கிளிப் இரண்டு வாங்கி வைப்பது நல்லது. பழைய பூட்டு சிலிண்டரைப் புதியதற்கு மாற்றும்போது சாவியை உள்ளே விட்டபடியே உருவுங்கள். சாவியில்லாமல் உருவினால் உள்ளிருக்கும் தகடுகள் ஸ்பிரிங்கோடு தெறிக்கும், பிறகு வரிசை பிடிக்காது. புதிய கைப்பிடி பிளாஸ்டிக் என்றால் போல்ட்டை அளவோடு முறுக்குங்கள். அதிகம் போனால் போல்ட் ஏறும் குமிழ் வெடிக்கும்.

கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு சோதனை. கதவு திறந்திருக்கும்போதே ஸ்குரூ டிரைவரால் லாட்ச்சின் கவையைத் தள்ளினால் இரண்டு 'கிளிக்' கேட்கும், பூட்டிக்கொள்ளும். இப்போது வெளிக் கைப்பிடியைத் தூக்குங்கள், கவை விடுபட வேண்டும். உள் கைப்பிடி, சாவி, சுவிட்சு மூன்றையும் இப்படியே பாருங்கள். கம்பி கோர்க்காமல் கதவைச் சாத்திவிட்டால், சாத்திய கதவிலேயே உள்பலகையைக் கழற்ற நேரிடும்.